வியாழக்கிழமை முழங்கால்

யுனிவர்சிட்டி, பசங்க, பொண்ணுங்க, மனநலக் கவுன்சிலிங்னு சொன்னதுமே உங்க முகம் போற போக்கு தெரியுதே! ஒரு பொண்ணு அழுவா, ஒரு பையன் கர்சீப் நீட்டுவான்னுதானே காத்துக்கிட்டிருக்கீங்க? அதெல்லாம் கிடையாது. இது முழங்கால் கதை.

அமெரிக்காவுல எங்க மினசோட்டா பக்கம் பனி விழ ஆரம்பிச்சா ஐஸ் ஹாக்கிதான் எல்லாம். பசங்க டீமுக்குக் கோச் டால்கிரென். மனுஷன் தொண்டையைத் திறந்தா ஏரியில உறைஞ்ச ஐஸ் விரிசல் விடும்.

அன்னிக்கு பிராக்டிஸ் முடிஞ்சதும் பிரிட்டாவைப் பிடிச்சுக்கிட்டார்.

பிரிட்டா கடைசி வருஷம் படிக்கிறா. பசங்களுக்கு அடிபட்டா கட்டுப் போடறது அவ வேலை. அந்த வேலைக்காகத்தான் யுனிவர்சிட்டி அவகிட்ட ஃபீஸ் வாங்கறதில்ல.

"ஆறு பேரும்மா! ஆறு பேருக்கு முழங்கால் வலி! வியாழக்கிழமை வந்தா பிராக்டிஸை விட்டுட்டு ஃபிசியோவுக்கு ஓடறானுங்க. நீ கட்டுப் போடறியா, காலை முறிக்கிறியா?"

கோச் பசங்க பக்கம் திரும்பினார்.

"டேய் டக்கர், உனக்கு எந்தக் காலுடா?"

"இடது கால், கோச்"னான் டக்கர், வலது காலைத் தடவிக்கிட்டே.

"ரெண்டும்தான் கோச்"னு பிரிட்டா அவசரமா முந்திக்கிட்டா.

"ரெண்டுமா! கேட்டீங்களாடா கூத்தை? பொண்ணுங்க டீமைப் பாரு. ஒருத்திக்காவது முழங்கால் வலி உண்டா? என்ன, தோத்தா கவுன்சிலிங்ல போய் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவாங்க. என் பசங்க அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்ல. மனசு இரும்பு! காலைத்தான் நீ கெடுத்து வெச்சிருக்கே."

ஆறு இரும்பு மனசும் குனிஞ்சு ஸ்கேட் கயிறை அவிழ்த்துது. அவிழ்த்த கயிறையே மறுபடி அவிழ்த்துது.

"போதும்மா. நாளையிலேருந்து வேற ஆள் பார்த்துக்கறேன். ரூம் சாவியை வெச்சுட்டுப் போ."

பிரிட்டா பசங்களை ஒரு தடவை பார்த்தா. ஒருத்தனும் நிமிரல. டக்கர் மட்டும் என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். பிரிட்டா லேசா தலையை ஆட்டி 'வேணாம்'னா. மூடிக்கிட்டான்.

இந்த வேலை போனா படிப்பும் பாதியில போச்சு. அவளுக்கு அது தெரியும். பசங்களுக்கும் தெரியும்.

சாவியை எடுத்து பெஞ்ச் மேல வெச்சா.

அடுத்து ஐஸ்ல இறங்கணும்னு வாசல்ல ஸ்டிக்கோட நின்னுக்கிட்டிருந்தா பொண்ணுங்க டீம் கேப்டன் ஜோலீன். அவளுக்கு அதுக்கு மேல தாங்கல.

"கோச்! இவங்க முழங்காலுக்கு ஒரு கேடும் இல்ல!"

"உனக்கென்னம்மா தெரியும்?"

"ஃபிசியோவுக்கும் கவுன்சிலிங்குக்கும் ஒரே வாசல். உள்ள போனா இடது பக்கம் முழங்கால், வலது பக்கம் மனசு. உங்க ஆறு பேரும் வலது பக்கம்தான் திரும்பறாங்க. முதல் தடவை ஒவ்வொருத்தனையும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்ததே பிரிட்டாதான்! வியாழக்கிழமை வந்தா, அங்க எங்களுக்கு உட்கார ஒரு நாற்காலி கிடைக்கிறதில்ல கோச்!"