கெடாத ஆப்பிள்

"இந்த ஆப்பிளை யாரும் தொடக்கூடாது! சொல்லிட்டேன்."

சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில், சன்னல் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து மகள் அதை வைத்தாள். பக்கத்தில் ஒரு காலி பாட்டில். பின்னால் கசக்கிப் போட்ட பழைய செய்தித்தாள்.

"பசிச்சாக்கூடவா?" என்றார் அப்பா.

"பசிச்சாக்கூட. பள்ளி இறுதி ஓவியத் தேர்வுக்கு இதைத்தான் தினமும் வரையப்போறேன். பாதி மார்க் இதுக்குத்தான்."

"பழத்தைத் தின்னாம வெறிச்சுப் பாக்கறதுக்கெல்லாம் ஒரு படிப்பு!" என்று சொல்லிக்கொண்டே அம்மா வேலைக்குக் கிளம்பினாள்.

அப்பா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். பொருள் கெடாமல் பார்த்துக்கொள்வதே பிழைப்பாகிப் போன மனிதர். கடைசி வருடத்தில் மகள் ஓவியப் பாடத்தை எடுத்தபோது வீட்டில் பெரிய ரகளை. ஒருவழியாக ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

"நல்ல மார்க் வாங்கினா ஓவியக் கல்லூரி. இல்லேன்னா வாயை மூடிக்கிட்டு நான் சொல்றதைப் படிக்கணும்."

சொன்ன அன்றைக்கே அவருக்கு மனம் கேட்கவில்லை. ஆனால் அதை வெளியே காட்டிக்கொள்ள முடியுமா? அப்பாவாயிற்றே.

"ராத்திரி மட்டும் அதை ஃப்ரிட்ஜ்ல வைக்கட்டுமாம்மா?"

"தொடக்கூடாதுன்னா தொடக்கூடாதுப்பா!"

சில நாட்களில் ஆப்பிளின் கன்னத்தில் பழுப்பாக ஒரு புள்ளி விழுந்தது. மறுநாள் அது சட்டைப் பொத்தான் அளவுக்கு வளர்ந்தது. மாலையில் மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தப் புள்ளியையே கண்கொட்டாமல் பார்த்தாள். காப்பி ஆறியது தெரியவில்லை. கூப்பிட்டது காதில் விழவில்லை.

குழந்தை இப்படி உடைந்து போய்விட்டாளே என்று நினைத்தார் அப்பா.

அடுத்த நாள், யாரோ ஒருவர் வீட்டு ஃப்ரிட்ஜ் ரிப்பேரைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தார். மகள் பள்ளியில்; மனைவி வேலையில். ஆப்பிளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பழக்கடைக்குப் போனார்.

"இதே மாதிரி ஒண்ணு வேணும். இதே நிறம், இதே உயரம். காம்பும் இப்படித்தான் சாஞ்சிருக்கணும்."

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஆப்பிள் வாங்க வந்தீங்களா சார், மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?"

"அவசரம்யா, எடு."

அப்புறம் அதுவே வாடிக்கையாயிற்று. தோல் லேசாகச் சுருங்கினாலும் போதும், ஆள் மாற்றம். பழையதை வழியிலேயே தின்றுவிடுவார், தடயம் இருக்கக்கூடாது. 'கடவுளே, இது பொய்யில சேராது, இல்லையா?' என்று ஒவ்வொரு தடவையும் மேலே பார்த்துக் கேட்டுக்கொள்வார். மேலேயிருந்து மறுப்பு ஏதும் வராததால் தொடர்ந்தார்.

ஒரு மாலை, மகளின் பென்சில் பாதியில் நின்றது. ஆப்பிளைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"அதிசயமா இருக்குப்பா. இதுக்கு வயசே ஆக மாட்டேங்குது."

"நல்ல ரகம்மா" என்றார் அப்பா, கீழே விழாத ஸ்க்ரூடிரைவரைக் குனிந்து தேடியபடி.

மகள் குனிந்து ஆப்பிளின் காம்புப் பக்கத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு பென்சிலைக் கூராக்கிக்கொண்டு மறுபடி வரைய ஆரம்பித்தாள்.

பள்ளியில் கண்காட்சி நாள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். ஓவிய அறைச் சுவர் நெடுக மகள் வரைந்த ஆப்பிள்கள். டீச்சர் அவரிடம் வந்தார்.

"வாங்க சார். உங்க பொண்ணு எடுத்துக்கிட்ட தலைப்பு என்னன்னு தெரியுமா?"

"ஆப்பிள்தானே டீச்சர்?"

"இல்ல. 'அழுகல்'. ஒரு பழம் நாளுக்கு நாள் எப்படிக் கெட்டுப்போகுதுன்னு பாத்துப் பாத்து வரையணும். முதல் புள்ளி விழுந்த அன்னைக்கு எங்கிட்ட ஓடி வந்து குதிச்சா பாருங்க, அப்படி ஒரு சந்தோஷம்!"

அப்பாவின் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது.

"அந்தப் புள்ளி ஏழாவது படத்துல காணாமப் போயிடுச்சு" என்றார் டீச்சர்.

"அது... நல்ல ரகம் டீச்சர்."

"அப்படியா?"

அப்பா குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், அவ மேல தப்பு இல்ல. மார்க்கைக் குறைச்சிடாதீங்க. நான் வேணா தேர்வாளர்கிட்ட வந்து உண்மையைச் சொல்லிடறேன்."

"அவர் காலையிலயே மார்க் போட்டுட்டுப் போயிட்டார் சார். முழு மார்க்."

"எப்படி? அழுகவே இல்லையே!"

"கிட்டப் போய்ப் பாருங்க. கண்ணுல பட்டதைத்தான் வரைஞ்சிருக்கா. தலைப்பை மட்டும் மாத்திக்கிட்டா."

அப்பா சுவரை ஒட்டி நின்று பார்த்தார். ஏழாவது படத்திலிருந்து ஒவ்வொரு ஆப்பிளின் மேலும், காம்புக்குப் பக்கத்தில், கறுப்பாக ஏதோ ஒன்று. ரேகை ரேகையாக, பொறுமையாக வரையப்பட்ட ஒரு கட்டைவிரல் தடம். எவ்வளவு தேய்த்தாலும் போகாத மெஷின் ஆயில் கறையோடு இருந்த தன் கட்டைவிரலை அவர் மெல்ல உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

கீழே ஒட்டியிருந்த அட்டையில் 'அழுகல்' என்ற சொல்லின் குறுக்கே ஒரு கோடு அடிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே மகளின் கையெழுத்தில் புதிய தலைப்பு:

'அப்பா'.