காதைத் தொட்ட கை

கால்பந்துத் தேர்வில் கோல் காக்க வந்த என் மகள் பொற்கொடியின் விரித்த கைகளை டேப்பால் அளந்தார் கிளப் செலக்டர். "கையா இது, ஏணியா?" என்று சிரித்தார். பன்னிரண்டு பந்தில் பத்தைப் பிடித்திருந்தாள். எடுத்துக்கொண்டால் சாப்பாடு, படிப்பு எல்லாம் கிளப் செலவு. செங்கல் சூளைக்கு அவள் திரும்ப வேண்டாம்.

பிறகு பள்ளிச் சான்றிதழைப் பார்த்தார். "ஒரு வயசு கூடுதலா இருக்கேண்ணே. எடுக்க முடியாது."

"இல்ல சார். சூளையில பொறந்தவ, வேற சர்டிபிகேட் கெடையாது. ஸ்கூல்ல சேக்கறப்ப தலைக்கு மேல கையப் போட்டு காதத் தொடச் சொன்னாங்க. நாலு வயசுலயே தொட்டுட்டா. வாத்தியார் அஞ்சுன்னு எழுதிட்டாரு."

"நீங்க சொல்லக் கூடாதா?"

"அப்ப எனக்குப் படிக்கத் தெரியாது சார். கைநாட்டு வச்சேன்."

அவர் பட்டியலில் ஒரு பெயரின் மேல் கோடு இழுத்தார். இப்போது எனக்குப் படிக்கத் தெரியும். கோட்டுக்கடியில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்கள். அதற்குள் பொற்கொடி ஓடிப்போய்க் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றுகொண்டாள்.

"வெளிய வாம்மா, முடிஞ்சுது."

கைகளை விரித்தாள். "அடிக்கச் சொல்லுங்க சார்."