கழுகு டாக்டரின் கண்

“பயப்படாம கையெழுத்துப் போடுங்கம்மா. கண்ணாடியே வேண்டாம்னு ஆக்கற இதே லேசர் ஆபரேஷனைத்தான் நானும் பண்ணிக்கிட்டேன். இன்னிக்கு எறும்புக்கு எத்தனை காலுன்னு இங்கிருந்தே எண்ணுவேன்!”

கண் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் சொல்லிவிட்டு, வரிசையில் இருந்தவர்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அறுபதை நெருங்கியும் கண்ணாடி போடாதவர். ஆஸ்பத்திரியில் அவருக்குக் ‘கழுகு’ என்று பெயர். அதில் அவருக்குப் பெருமை வேறு!

டெய்லரம்மா பேனாவைத் திறக்கவில்லை.

“ஊசியில நூல் கோத்தாதாங்க எங்க வீட்ல அடுப்பு எரியும். அந்தப் பொண்ணு வேண்டாங்குதே...”

அந்தப் பொண்ணு, டெக்னீஷியன். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம், இன்னும் நிரந்தரமாகவில்லை. அவள் கையில் புது மெஷின். அது கண்ணைத் தொடவே தொடாது. ஒளியை அனுப்பும், சிதறித் திரும்புகிற ஒளியை வைத்து, கருவிழி எவ்வளவு உறுதி என்று திரையில் ஓடும் கோட்டில் ஒரு மேடு போட்டுக் காட்டிவிடும்.

“அக்காவுக்குக் கருவிழி ரொம்ப மிருது சார். லேசர்ல செதுக்கினா பார்வையே கெட்டுடும்.”

கழுகுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“என்னுதும் மிருதுதான்! நானே உக்கார்றேன், பாத்துச் சொல்லு!”

உட்கார்ந்தார். அவள் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். மூன்றாம் முறையும் பார்த்துவிட்டுத் திருதிருவென்று விழித்தாள்.

“என்ன முழிக்கிற?”

“ஒரு மேடுதான் சார் வரணும். ரெண்டு வருது.”

“மெஷினை ஓட்டத் தெரியல, ஊருக்கு உபதேசம்!”

வரிசையில் சிலர் சிரித்தார்கள். டெய்லரம்மாவும் பெருமூச்சோடு பேனாவைத் திறந்தாள்.

டெக்னீஷியன் குரலைத் தாழ்த்தினாள். “சார், ஒரு நிமிஷம் உள்ள வாங்களேன். தனியா சொல்லிடறேன்.”

“தனியா என்ன ரகசியம்? தப்பு பண்ணினா எல்லார் முன்னாடியும் ஒத்துக்கணும். சொல்லு!”

டெய்லரம்மாவின் பேனா காகிதத்தைத் தொடப் போனது.

“ஒரு மேடு உங்க கண்ணு சார். இன்னொண்ணு அது மேல ஒட்டியிருக்கற காண்டாக்ட் லென்ஸ். அதைக் கழட்டிட்டு உக்காருங்க, சரியா வரும்... அக்கா, நீங்க பேனாவை மூடிடுங்க.”