தலைமை நர்ஸின் உள்ளங்கை

முதலில் கறை என்றுதான் மரிசோல் நினைத்தாள்.

பழைய தொலைக்காட்சித் தொடர்களைத் துடைத்துப் புதிதாக்குவது அவள் வேலை. ஹாலிவுட்டை ஒட்டிய பர்பாங்கில், ஒரு ஸ்டூடியோவுக்குள் சன்னல் இல்லாத ஓர் அறை. நாற்பது வருடம் டப்பாவுக்குள் கிடந்த படச்சுருளை ஹெச்.டி.யில் ஏற்றினால், அந்தக் காலத்துச் சின்னத்திரை மங்கலாக்கி மறைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும். விக்கின் ஓரத்துப் பசை. சன்னலுக்கு வெளியே மலை என்று ஊரே நம்பிய படுதாவின் சுருக்கம். தலைக்கு மேலே மைக்கின் நிழல்.

இருக்கக்கூடாததை எடுத்துவிடு என்பதுதான் மேலிடம் சொன்னது.

இது ஓர் ஆஸ்பத்திரித் தொடர். கடைசி வருடத்து அத்தியாயங்கள். டாக்டராக நடித்த வாரன் டீக் இறந்து பல காலம் ஆகிறது. தலைமை நர்ஸாக வந்த கோரின் ஹாட்லி பக்கத்து ஊரான பசடீனாவில் இருக்கிறார், எண்பது தாண்டி.

அந்தக் கடைசி வருடத்துக்குத்தான் டீக்குக்கு விருது கிடைத்தது. ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் அவர் விட்ட மௌனத்தைப் பத்திரிகைகள் கொண்டாடின.

கோரினுக்குக் கிடைத்தது கேலி. டாக்டரோடு பேசும்போதெல்லாம் வலது கையை விரித்து, மார்புக்கு நேரே கட்டை மாதிரி பிடித்துக்கொண்டு நிற்பார். அதைச் செய்துகாட்டியே சில கோமாளிகள் பிழைத்தார்கள். அப்புறம் அவரைத் தேடி நல்ல வேடம் எதுவும் வரவில்லை.

கறை தெரிந்தது டாக்டரின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்த ஒரு காட்சியில். மரிசோல் அந்தக் கையைப் பெரிதாக்கினாள்.

கறை இல்லை. நீல மையில் எழுத்து.

படித்துவிட்டுப் படத்தை ஓடவிட்டாள். டீக் சற்று மௌனமாக இருந்தார். பிறகு அதே வரியைச் சொன்னார்.

அடுத்த அத்தியாயத்திலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும்.

அந்த வாரம் ஏதோ பேட்டிக்காக ஸ்டூடியோவுக்கு வந்திருந்த கோரினை அவள் அறைக்கு அழைத்துவந்து காட்டினாள். கோரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். டீக்குக்கு அப்போதே மறதி முற்றத் தொடங்கிவிட்டது என்றும், தங்கள் இருவரைத் தவிர செட்டில் ஒருவருக்கும் தெரியாது என்றும் மெதுவாகச் சொன்னார்.

மரிசோலுக்கு மனசு கேட்கவில்லை. இதை இப்படியே விட்டுவிடலாம், உங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்றாள்.

“அழிச்சிடு கண்ணு,” என்றார் கோரின். “இல்லேன்னா, அந்தாளு பாத்துப் படிச்சுத்தான் விருது வாங்கினாருன்னு நாளைக்கு எவனாவது சொல்லுவான்.”

மரிசோல் அழித்தாள். மை இருந்த இடத்தில் சதையையும் ரேகையையும் அவளே வரையவேண்டியிருந்தது.

கடைசி அத்தியாயத்தின் கடைசிக் காட்சி வந்தது. நர்ஸ் விடைபெறுகிறாள், டாக்டர் நின்று கேட்கிறார். அவருக்கு வசனமே கிடையாது.

அப்படியும் கையில் எழுத்து இருந்தது.

‘நான் கோரின். உன் சிநேகிதி. பயப்படாதே. இது முடிந்ததும் உன்னை நானே வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன்.’

மரிசோல் வெகுநேரம் அதைத் தொடவில்லை. பிறகு அதையும் எடுத்தாள்.

தொடர் பளிச்சென்று மறுபடி வெளியானபோது பழைய கேலியும் கூடவே வந்தது. இப்போது ரேகைகூடத் தெரிகிறது, நடிப்பைத்தான் காணோம் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

மறுநாள் கோரின் போனில் கூப்பிட்டார்.

“அவரு நடிப்பப் பத்தி என்ன சொல்றாங்க?”

இன்றைக்கும் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று சொல்கிறார்கள் என்றாள் மரிசோல். அது உண்மைதான்.

அந்தப் பக்கம் கோரின் சிரிப்பது கேட்டது. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் போனை வைத்துவிட்டார்.