சுக்கான் செதுக்கிய கல்

"திரும்பிப் போகக்குள்ள படகை நான் ஓட்டவா, வாப்பா?" என்று கேட்டாள் அமானி.

"புயலுக்குள்ள தோணியைக் கரை சேர்த்த மூத்தவர்ட பரம்பரை நாம. நம்மட சுக்கான் பொம்பிளைக் கைக்குப் போறதில்ல," என்ற லாபிர், அந்த மூத்தவர் அடக்கமான கபுரைத் தேடிப் பழைய மையவாடிக்குள் நுழைந்தார்.

அமானி வாசலில் நின்றாள். "எப்புடிக் கண்டுபுடிப்பீங்க?"

"தலைமாட்டு மீஸான் கல்லில சுக்கான் செதுக்கியிருக்காம். ஆம்பிளைக் கபுருக்கு ரெண்டு கல்லு, பொம்பிளைக்கு மூண்டு."

நெடுநேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"மாஷா அல்லாஹ்! சுக்கான் இரிக்கி, மகள்!"

"ரெண்டு கல்லா, வாப்பா?"

வெளியே வந்தவரின் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"மூண்டு," என்றார். "மூத்தவர் இல்ல, நம்மட மூத்தம்மா! வா மகள், சுக்கானை நீ புடி."