சோடிக் கூப்பன்

"முந்தநாள் வந்தவ கண்ணாடி போட்டவ. நேற்று வந்தவ நல்ல உயரம். இண்டைக்கு வந்தவ கட்டை. ஆம்பிளை மட்டும் மூண்டு நாளும் அதே ஆம்பிளை!"

அந்த ஆள் படி இறங்கினதுதான் தாமதம், றஜிதா பொரிந்து தள்ளினாள்.

அவள் புருசன் துசாந்தன் சீலை மடித்துக்கொண்டிருந்தான். "மெல்லக் கதை கா. சனம் நிக்குது."

"நிக்கட்டும்! நான் ஏன் மெல்லக் கதைக்கணும்? களவு செய்தது நானா?"

கோபம் வராமல் என்ன செய்யும்? சோடிக் கூப்பன் அவள் தலையில் உதித்த யோசனை அல்லவா!

சண்டை ஓய்ந்து வந்த முதல் தீபாவளி. ஊருக்குத் திரும்பிய வாகரைச் சனமெல்லாம் உடுப்பு எடுக்க மட்டக்களப்புக்கு பஸ் ஏறத் தொடங்கியிருந்தது. இவர்களுடையது அங்கே தொடங்கி எட்டே மாதமான சின்னப் புடவைக்கடை. எதிர்க்கடைக்காரன் பத்து வீதக் கழிவு என்று பெரிய பதாகை கட்டிவிட்டான்.

"நாமளும் பத்து வீதம் போடுவமே," என்றான் துசாந்தன்.

"அவன்ட வாலைப் பிடிச்சுக்கொண்டு போகவா?"

"அப்ப, ஆயிரத்துக்கு எடுத்தா நூறு ரூபா கழிவு?"

"சனம் சரியா ஆயிரத்துக்கு எடுத்துப்போட்டு எழும்பிப் போயிடும்."

"இலவசமா ஒரு சாமான் குடுப்பம்."

"அதுக்குக் காசு உங்கட அப்பாவா போடுவார்?"

மூன்றையும் தட்டிவிட்டு அவளே முடிவு சொன்னாள். கணவனும் மனைவியும் சோடியாக வந்தால், எதை வாங்கினாலும் கால்வாசி கழிவு.

"பொம்பிளை தனிய வந்தா நாலு கடை ஏறி இறங்கி விலை பேசுவா. புருசன் பக்கத்தில நிண்டா, 'எடுத்தது காணும், வா'ண்டு இழுத்துக்கொண்டு போவான். போற போக்கில தனக்கும் ஒரு சாரன் எடுப்பான். எப்பிடி?"

துசாந்தன் கூப்பன் அடிக்கக் கடதாசி எடுத்தான். மறுத்துச் சொல்லி என்ன, கேட்கவா போகிறாள்?

'இருவரும் நேரில் வரவேண்டும்' என்று தடித்த எழுத்தில் அடித்து, பஸ் நிலையத்தில் கட்டுக்கட்டாகக் கொடுத்தார்கள். வியாபாரமும் குறைவில்லை. அதற்குள்தான் இந்த ஆள் வந்து சேர்ந்தான்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். கடல்தொழில் செய்கிற ஆள் என்று பார்த்தாலே தெரியும். மூன்று நாளும் மூன்று பெண்கள், மூன்று கூப்பன்கள். உள்ளே வந்ததும் வாசலோரமாக றோட்டைப் பார்த்தபடி நின்றுவிடுவான். உடுப்பைத் தொட்டும் பார்க்க மாட்டான். காசு கொடுக்கும் நேரம் கூப்பிட்டால் வந்து தலையாட்டுவான்.

"ஒருத்தியாவது புருசனுக்கெண்டு ஒரு சாரன் எடுத்தாளா? எல்லாம் பிள்ளைகளின்ட உடுப்பு. வீட்டுக்கு வீடு பிள்ளைகள் வேற! சீ!"

"நமக்கென்ன கா? யாவாரம் நடக்குதுதானே."

"யாவாரமாம் யாவாரம்! மானம் மரியாதையாக் கடை நடத்திற நாம, கண்டவன்ட கூத்துக்குக் கால்வாசி கழிச்சுக் குடுக்கவா? நாளைக்கு வரட்டும். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகிற மாதிரிக் கேக்கிறனா இல்லையா பாருங்க."

வந்தான். நாலாவது பெண்ணோடு.

சின்னப்பெண். இருபத்தைந்து தாண்டியிராது. நெற்றியில் பெரிய ஒட்டுப்பொட்டு. ஒரு மணித்தியாலமாகக் கடையைப் புரட்டி, சிறுமிக்கு ஒரு சட்டையும் பொடியனுக்கு ஒரு களிசானும் எடுத்து வந்து மேசையில் வைத்தாள். கூப்பனையும் நீட்டினாள். கடை நிறையச் சனம்.

றஜிதா குரலை உயர்த்தினாள்.

"அண்ணன், இஞ்ச வாங்க. உங்கட பேர் என்ன?"

"அழகரத்தினம்."

"இவ ஆரு?"

"என்ட... மனிசி."

"அப்ப நேற்று வந்தவ? முந்தநாள் வந்தவ? அதுக்கு முதல் நாள் வந்தவ? எத்தினை மனிசி வச்சிருக்கிறீங்க? பெரிய ராசாதான் போங்க!"

கூட்டத்தில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். "காலம் கெட்டுப்போச்சு," என்றாள் இன்னொருத்தி.

அழகரத்தினம் தலையைக் குனிந்துகொண்டான். "வா புள்ள, போவம்," என்றான் அந்தப் பெண்ணிடம்.

"நில்லுங்க!" றஜிதா விடவில்லை. "இந்தக் கூப்பன் புருசன் பெஞ்சாதிக்கு. ஊரை ஏமாத்துறவனுக்கில்ல. முழு விலையையும் வையுங்க. இல்லாட்டி உடுப்பை வச்சிட்டு நடையைக் கட்டுங்க. இனி இந்தப் படி ஏறப்படாது."

"றஜிதா, காணும்," என்றான் துசாந்தன்.

"உங்களுக்கு ஒண்டும் விளங்காது. சும்மா இருங்க!"

அந்தப் பெண் உடுப்புகளை றஜிதாவின் பக்கம் தள்ளி வைத்தாள். சிறுமியின் சட்டையை மட்டும் ஒருதரம் தடவிப் பார்த்தாள். பிறகு நெற்றிப்பொட்டைக் கழற்றிக் கூப்பனின் மேல் ஒட்டினாள்.

"அக்கா, என்னை என்னவும் சொல்லுங்க. அவரை ஏசாதீங்க. அவர் எங்களுக்கு அண்ணன் முறை. நாலு நாளா வலைக்கும் போகாம எங்களோட அலையிறார்."

அவள் கூப்பனை றஜிதாவின் பக்கம் தள்ளினாள்.

"எங்கட சுனாமி வீட்டுத்திட்டத்தில, எங்கட ஒழுங்கையில பதினொரு வீடு. கடல் கொண்டுபோனது, சண்டை கொண்டுபோனது எல்லாம் போக, மிஞ்சின புருசன் இவர் ஒராள்தான். புருசனோட வந்தாத்தான் கழிவு எண்டு நீங்க அடிச்சிருக்கிறீங்க. அதான், எங்கட பிள்ளைகளும் தீபாவளிக்குப் புது உடுப்பு உடுக்கட்டும் எண்டு, இவர்ர மனிசியே முறை வச்சு, தன்ட புருசனை நாளுக்கு ஒராளோட அனுப்பிவிடுறா."