விலையைக் கெடுத்த ஆள்

வாங்க வந்த ஆள் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும்தான். அந்தக் கால்களையே நார்மனுக்குப் பிடிக்கவில்லை.

உள்ளேயிருந்து 'ச்சு, ச்சு' என்று சத்தம் வந்தது. ஆரம்பித்துவிட்டான், இனி ஒவ்வொரு 'ச்சு'வுக்கும் ஐந்நூறு பவுண்டு குறைப்பான் என்று நார்மன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

அது கடையில் வாங்கிய கார் இல்லை. பெட்டி பெட்டியாகப் பாகங்களை வரவழைத்து, எஞ்சினை மட்டும் ஒரு பழைய காரிலிருந்து கழற்றி, ஸ்கிப்டனில் தன் வீட்டுக் கார் ஷெட்டில் நார்மனே பூட்டி உருவாக்கியது. பதினோரு வருஷ வேலை. அதற்குக் கூரை கிடையாது, கதவு கிடையாது. யார்க்‌ஷயர் மழைக்கு இது ஆகுமா என்று கேட்டவர்களோடு அவர் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்வதில்லை.

அந்தப் பதினோரு வருஷமும் அவர் மனைவி மேவிஸின் கார் தெருவில்தான் நின்றது. போன குளிர்காலத்தில் அதன் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டப் போனவள் வழுக்கி விழுந்தாள். எழுந்ததும் முதல் வேலையாக, ஷெட்டில் இனி ஒரு கார்தான், அது தன்னுடையது என்று சொல்லிவிட்டாள். வலியில் இருக்கிறவளிடம் மறுத்துப் பேச முடியுமா? விற்றுவிடுகிறேன் என்று நார்மன் வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த நாளிலிருந்து அவருக்குச் சரியாகத் தூக்கமில்லை.

விலை போடுவதிலும் சண்டை. ஆன செலவு பதினேழாயிரம், அதையே போடுவேன் என்றார் அவர்.

"நீ செலவு பண்ணினது உன் தலையெழுத்து. வாங்குறவன் எதக் குடுப்பானோ அதான் வெல" என்றாள் மேவிஸ்.

நாலு பேரிடம் விசாரித்து, எட்டாயிரத்து ஐந்நூறு என்று அவளே விளம்பரமும் கொடுத்துவிட்டாள். அந்த விலைக்கு முதலில் வருகிறவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவான் என்பது நார்மனுக்குத் தெரிந்துபோயிற்று.

முதலில் வந்தவர் இவர்தான். பெயர் டெரெக், ஊர் பார்ன்ஸ்லி. விளம்பரத்தைக் காட்டி, போய்ப் பார்த்துவிட்டு வா என்று மனைவிதான் விரட்டினாளாம். இப்படியும் ஒரு மனைவியா என்று நார்மனுக்கு வயிறு எரிந்தது.

டெரெக் வெளியே வந்தார். எங்கே, எப்படி என்று கேட்காமலேயே பானட்டின் கொக்கியைத் தட்டித் திறந்தார். அந்தத் தகரத்தின் விளிம்பு நார்மனின் கட்டைவிரலை மூன்று தடவை பதம் பார்த்திருக்கிறது. இந்த ஆள் விரலை நேரத்துக்கு இழுத்துக்கொண்டார்.

எஞ்சினை வெகுநேரம் பார்த்துவிட்டு, கையைத் துடைத்தபடி சொன்னார்: "வெல சரியில்ல."

"எவ்ளோ கொறைக்கணும்ங்குற?"

"கொறைக்கவா? எட்டரைக்கு இதக் குடுக்குறது பாவம்யா. பதினாறு போடு."

நார்மன் முதல் காரியமாகக் கார் சாவியை உருவித் தன் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எழுபத்து மூன்று வயதுக்கு எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. விலையை ஏற்றச் சொல்கிற ஆளைப் பார்த்ததில்லை. ஒன்று பைத்தியம், இல்லாவிட்டால் திருடன்.

அந்த நேரத்தில் மேவிஸ் தேநீரோடு வந்தாள். டெரெக் அவள் பக்கம் திரும்பிக்கொண்டார். பற்றவைப்பில் ஒரு பிசிறு இல்லை, வண்டியின் அடிச்சட்டம் நூல் பிடித்த மாதிரி இருக்கிறது என்று அடுக்கினார். பார்ன்ஸ்லியில் இதே மாதிரி வண்டி ஒன்று பதினாறாயிரத்துக்கு நிற்பதாகவும், அதைத் தினமும் தன் கண்ணால் பார்ப்பதாகவும் சொன்னார்.

மேவிஸ் உள்ளே போய்ப் பழக் கேக்கும் சீஸும் கொண்டுவந்து டெரெக்கின் கையில் கொடுத்தாள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு நார்மன் அந்தக் கேக்கைக் கண்ணால் பார்த்ததில்லை.

"ஏன் நார்மன், பதினாறு பெறுறத எட்டரைக்குத் தூக்கிக் குடுக்கப் பாத்தியா?"

எட்டரை யார் போட்டது என்று கேட்க நார்மன் வாயைத் திறந்தார். என்ன தோன்றியதோ, மூடிக்கொண்டார்.

இன்றைக்கே விளம்பரத்தை மாற்றுவதாக மேவிஸ் சொன்னாள். பதினாறு வந்தால் தனக்குப் புதுக் காரே வாங்கிவிடலாம். வருகிற வரைக்கும் பழையது தெருவிலேயே நிற்கட்டும், மழை அதற்கு ஒன்றும் புதிதில்லையே.

அவ்வளவு பணத்துக்குத் தனக்கு வக்கில்லை என்று டெரெக் வருத்தத்தோடு கையை விரித்தார். கேக்கை மட்டும் ஒரு துணுக்கு விடாமல் முடித்துவிட்டுக் கிளம்பினார்.

நார்மன் வாசல் கேட் வரைக்கும் பின்னாலேயே போனார். காரியம் தனக்குச் சாதகமாக முடிந்ததுதான் அவருக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

"ஏய்யா, நீ வாங்கத்தான வந்த? எதுக்கு வெலைய ஏத்திவிட்ட?"

மேவிஸ் உள்ளே போய்விட்டாளா என்று டெரெக் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒம்பது வருஷமா பதினாறுன்னு வெல போட்டு என் வண்டியக் காப்பாத்திட்டிருக்கேன்யா; நீ எட்டரைன்னு போட்டு என் பொண்டாட்டி கண்ணத் தொறந்துவிட்டுட்ட."